குரல்பாசி தின்னும் மீன்

கொளத்தூரில் இருபத்தாறு வருடமாக வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். பாசி தின்னும் மீன் விஷயத்தில் டில்லிபாபுவை யாரும் ஏமாற்ற முடியாது என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். கடைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் வரைந்து மாட்டியிருந்தேன். மேலே ஒரு மீன், கீழே ஒரு மீன். இரண்டும் விரல் நீளம், இரண்டுக்கும் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு. மேலே இருப்பது சயாமிஸ். எங்கள் சந்தையில் அதற்கு ஒரிஜினல் என்று பெயர். கீழே இருப்பது ஃப்ளையிங் ஃபாக்ஸ், அது டூப்ளிகேட்.

ஒரிஜினலின் கோட்டு ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும், துடுப்பில் நிறமே இருக்காது. டூப்ளிகேட்டின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல இருக்கும், அதற்கு மேலே மெல்லியதாக ஒரு தங்கக் கோடு ஓடும், துடுப்பில் கறுப்புச் சாயம் தெரியும். பச்சைப் பாசியை இரண்டுமே தின்னும். ஆனால் செடித்தொட்டிக்காரர்களின் உயிரை வாங்கும் கறுப்புத் தாடிப்பாசி இருக்கிறதே, அதை ஒரிஜினல் மட்டும்தான் தின்னும். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் ஒரிஜினல்தான் கேட்பார்கள். மொத்த வியாபாரிகள் டூப்ளிகேட்டைக் கலந்து அனுப்புவார்கள். நான் பிரித்து எடுப்பேன். படத்துக்கு அடியில் சிவப்பு பெயிண்டில் '26 வருடம், ஒரு தப்பு இல்லை' என்று எழுதி வைத்திருந்தேன். திமிர்தான், வேறென்ன.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை நெரிசலில், ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே இருந்த மீனைக் காட்டி, இதில் மூன்று வேண்டும் என்றார். அது டூப்ளிகேட் என்று சொன்னேன். தெரியும், அதுதான் வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் டூப்ளிகேட்டை வாய்விட்டுக் கேட்டு வாங்க வந்த முதல் ஆள் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"வீட்ல குரல்பாசி இருக்கு தம்பி," என்றார். "என் பொண்ணோடது."

சிரிப்பு போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

குரல்பாசி பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. செத்துப்போனவர்களின் குரலை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு ஏமாற்றும் கும்பல்கள் பெருகியதும் ஒரு சட்டம் வந்தது. இறந்தவரின் குரலோ எழுத்தோ ஒரு வருடத்துக்குமேல் எந்த எந்திரத்திலும் இருக்கக்கூடாது. வருடம் முடிகிற அன்று போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் தானாக அழிந்துவிடும். உயிருள்ள பொருளுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு கம்பெனி அந்தச் சந்தில் புகுந்தது. குரல்பதிவுகளைப் பாசியின் மரபணுவில் எழுதி, கல்லில் வளர்த்துக் கொடுத்தது.

லோகநாயகி என்று பெயர் சொன்னார். வில்லிவாக்கத்தில் வீடு, கணவர் தசரதன் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். ஒரே பெண், இலக்கியா. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வயது பத்தொன்பது. ஹாஸ்டலிலிருந்து அவள் அனுப்பிய முந்நூற்றுச் சொச்சம் குரல்பதிவுகள் அந்தக் கல்லில் இருந்தன. அரிசி அளவு பாசியை நறுக்கி, கம்பெனி கொடுத்த பெட்டிக்குள் வைத்தால், முக்கால் மணி நேரத்தில் ஒன்றோ இரண்டோ பதிவு கேட்கும். எது வரும் என்று சொல்ல முடியாது.

"தெனம் காலையில நறுக்குவேன். திரும்ப வளந்துடும். ஆனா இப்ப மேல பச்சைப்பாசி படருது தம்பி. மருந்து ஊத்தக்கூடாதாம். பச்சையை மட்டும் திங்கற மீன் விடுங்கன்னு சொல்றாங்க."

எப்படி இருக்கும் அந்தப் பாசி என்று கேட்டேன். போனில் படம் காட்டினார். கறுப்பாக, தாடி மயிர் மாதிரி, கல்லைக் கவ்விக்கொண்டு. எனக்குப் பார்த்ததும் புரிந்தது. கல்லைவிட்டு லேசில் பெயராது, எந்த மீனும் வாய் வைக்காது என்று யாரோ படித்தவர்கள் தாடிப்பாசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கொளத்தூரில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வைக்கிற மீன் ஒன்று இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றுகிறவன்கூடச் சொல்லியிருப்பான்.

அவரிடம் அதைத் தெளிவாகவே சொன்னேன். மேலே இருக்கும் மீன் உள்ளே போனால் கல் மொட்டையாகிவிடும், கீழே இருப்பது தொடாது. ஒரிஜினல்கூட வயிறு நிறைந்திருந்தால் தாடிப்பாசி பக்கம் போகாது, பசித்தால்தான் போகும். எதற்கும் இருக்கட்டும் என்று குருணைத் தீனி டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, தினமும் ஒரு சிட்டிகை போடுங்கள் அக்கா என்றேன்.

மீனைப் பிரிப்பதில் எனக்கென்று ஒரு விதி உண்டு. பைக்குள் இருக்கும் மீனைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பயத்தில் நிறம் வெளுத்திருக்கும். கண்ணாடி டம்ளரில் விட்டு, நிழலில் வைத்து, பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். நிறம் திரும்பியதும்தான் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம் நெட்டித் தள்ளியது. காலையில் வந்த பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று மீனின் முதுகிலும் தங்கக் கோடு மின்னியது. வலையில் அள்ளிக் கட்டிக் கொடுத்தேன். அவரும் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு என் சுவர்ப் படத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஆறு வாரம் கழித்து அவர் கணவர் போன் செய்தார். கல்லில் பாசி குறைந்துகொண்டே வருகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் என்றார். கோபமான குரல் இல்லை. டாக்டரைக் கூப்பிடுகிற குரல்.

மதியம் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். தசரதன் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான ஆள், முழங்கை வரை பொரிப்பொரியாகத் தீத்தழும்பு. ஹாலில் மூன்றடித் தொட்டி. அதை வைத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும்: வாலிஸ்னேரியாச் செடி பின்னால் திரைபோல நின்றது, மரக்கட்டையில் ஜாவா மாஸ் செடி கட்டியிருந்தது, தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. நடுவில் அந்தக் கல். முக்கால்வாசி மொட்டை.

விளக்கை எரியவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பத்து நிமிடம் அசையாமல் பார்த்தேன். இரண்டு மீன் மரக்கட்டையைச் சுற்றி ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. டூப்ளிகேட்டின் குணம் அது. மூன்றாவது மீன் கல்லின் பின்பக்கத்திலிருந்து வந்து, என் எதிரே இலைமேல் துடுப்பை ஊன்றி நின்றது. கோட்டு ஓரம் ரம்பப் பல். துடுப்பில் நிறம் இல்லை. முதுகில் தங்கக் கோடும் இல்லை. அன்றைக்கு நான் பார்த்தது வெயில்.

இருபத்தாறு வருடம் ஆயிரம் பேருக்கு மீன் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். தப்பு நடந்தால் நட்டம் நாலு செடி. ஒரு பெண்ணின் குரலைத் தின்னக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. தசரதனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் லோகநாயகி, தம்பிக்கு டீ வாங்கிட்டு வாங்களேன் என்று அவரை வெளியே அனுப்பினார்.

அப்போதுதான் தொட்டியின் மூடிமேல் இருந்த தீனி டப்பாவைப் பார்த்தேன். நான் கொடுத்த அதே டப்பா. வாயில் ஒட்டியிருந்த வெள்ளி சீல் பிரிக்கப்படவே இல்லை.

ஆறு வாரமாக மீனுக்குத் தீனி போடவில்லை. மறந்துபோகிற வீடு இல்லை அது. செடியின் ஒவ்வொரு இலையையும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நான் டப்பாவைப் பார்ப்பதை அவர் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"பையிலயே பாத்துட்டேன் தம்பி," என்றார். "ஒண்ணு மேல இருக்கற மீனு. உங்க படத்தை அரை மணி நேரம் பாத்தவ நான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். வரல."

பிறகு அவரே சொன்னார். முதல் ஆறு மாதம் பாசியில் இலக்கியா அப்படியே இருந்தாளாம். பாசி வளர வளர மரபணுவில் எழுத்துப் பிழை சேருகிறது. ஒரு நகலிலிருந்து இன்னொரு நகல், அதிலிருந்து இன்னொன்று. விட்டுப்போன இடத்தைப் பெட்டி தானாக நிரப்பிக்கொள்கிறது. காதுக்குத் தடங்கல் தெரியாது, குரலும் அவள் குரல்தான். ஆனால் பெட்டி ஊகித்து நிரப்புவது எல்லாரும் பேசுகிற பேச்சை. கம்பெனியைக் கேட்டதற்கு, உயிருள்ள பொருள் என்றால் மாறத்தான் செய்யும் என்றார்களாம்.

"என் பொண்ணு சண்டைக்காரி தம்பி. ஹாஸ்டல் சோறு நாய் திங்காதும்பா. நான் அனுப்பற ஊறுகாயில உப்பு ஜாஸ்தின்னு ஒரு நிமிஷம் திட்டுவா. போனை வைக்கறப்பகூட நல்லபடியா வைக்க மாட்டா." கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இப்ப பாசியில இருக்கறவ, நான் நல்லா இருக்கேம்மா, கவலைப்படாதேங்கறா. சாப்பாடு நல்லா இருக்குங்கறா. ரொம்ப நல்ல பொண்ணு. எனக்கு இவளைத் தெரியாது."

கேட்பதை நிறுத்திவிடலாமே என்றேன்.

"முடியல. காலையில எந்திரிச்சா கை தானா கத்தரியை எடுக்குது. இவ பேசப்பேச அவ பேசினது மறந்துபோவுது. தூக்கிப் போட என் கையால ஆகாது. நீங்க தப்பு பண்ணது எனக்கு சௌகரியமா போச்சு." அழவில்லை. புடவைத் தலைப்பால் தொட்டிக் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "இன்னும் ஒரு வாரம் விடுங்க தம்பி. அது தின்னு முடிச்சுடட்டும். அவர்கிட்ட சொல்லாதீங்க. அவரு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. ஆனா கல்லு அங்க இருக்கணும் அவருக்கு."

தசரதன் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவரிடம் உண்மையில் பாதியைச் சொன்னேன். என் தப்புதான், ஒரிஜினல் ஒன்று கலந்துவிட்டது என்றேன். அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எப்படிப் பிடிப்பது என்று மட்டும் கேட்டார். செடித்தொட்டியில் ஒரிஜினலை வலை போட்டுப் பிடிக்க முடியாது, பொறி வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் மீனைப் பிடிக்கத் தேவையே இல்லை. அதே தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, கல்லைத் தூக்கி அதில் வைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. அதை நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொறியோடு போனேன். கல் வெறும் கல்லாக இருந்தது. தசரதன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மீனைப் பிடித்துத் தரட்டுமா என்று லோகநாயகியைக் கேட்டேன்.

"எத்தினி வருஷம் இருக்கும் இது?"

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் என்றேன்.

"இருக்கட்டும்," என்றார். டப்பாவின் சீலைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் தூவினார்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சுவரில் இருந்த சிவப்பு வரியைச் சுரண்டி எடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் தப்பு நடந்துவிட்டது என்றேன். சந்தை முழுக்கப் பரவியது, நன்றாகச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றிருந்தது.

மூன்று நாள் கழித்து, வெயில் சாயாத நேரத்தில், தசரதன் கடைக்கு வந்தார். டிபன்பாக்ஸை மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே தொட்டித் தண்ணீர். அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கல்சில்லு. அதில் கறுப்பாக ஒரு கொத்துப் பாசி.

"நீ மொதல்ல வந்துட்டுப்போன அன்னைக்கு சாயந்திரமே உளியால தட்டி எடுத்தேன்," என்றார். "அவ குளிக்கப் போனப்ப." டிபன்பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார். "ஏன் பாபு, கல்லைத் தூக்கி வாளியில வையுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

வெல்டர். எதை எங்கே பிரிக்கலாம் என்று யோசிக்கத் தெரிந்த மனுஷன்.

"சொல்ல வேணாம்னு அவ கேட்டுக்கிட்டாளா?"

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. இது இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டாம், உன் கடையில் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள் என்றார். சரி என்றேன். இந்தக் குடும்பத்துக்கு நான் காப்பாற்ற வேண்டிய ரகசியம் இரண்டாகிவிட்டது.

கடைக்குப் பின்னால், மற்ற தொட்டிகளோடு ஒட்டாமல், இரண்டடித் தொட்டி ஒன்றைத் தயார் செய்தேன். பச்சைப்பாசி மூடாமல் இருக்க மீன் வேண்டும். இரண்டு விட்டால் அடித்துக்கொள்ளும், அதனால் ஒன்று. இந்தத் தடவை டம்ளரில் விட்டு, நிழலில் வைத்து, பத்து நிமிடம் அல்ல, அரை மணி நேரம் காத்திருந்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு நேர்க்கோடு. மேலே தங்கக் கோடு, நிழலிலும் இருந்தது. துடுப்பில் கறுப்பு. தசரதனையும் பார்க்கச் சொன்னேன். சுவர்ப் படத்துக்கும் டம்ளருக்குமாக நாலு தடவை நடந்து பார்த்துவிட்டு, சரி என்றார்.

மீன் கீழே இறங்கிக் கல்சில்லை ஒருமுறை மோந்துவிட்டு விலகிப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பொண்ணு எனக்கும் ஒண்ணு அனுப்பியிருந்தா," என்றார். "இன்ஜினியரிங்கை விட்டுட்டு வேற படிக்கப் போறேன்னு சொன்னதுல எட்டு மாசம் நான் பேசல. காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாள் எனக்கு ஒரு பதிவு வந்துச்சு. ஒரு நிமிஷம் இருபது செகண்டு. கோவத்துல கேக்கல. அதுக்கப்புறம் பயத்துல கேக்கல. வருஷம் முடிஞ்ச அன்னைக்குப் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் கண்ணு முன்னாடியே அழிஞ்சுது."

அது இந்தக் கொத்தில் இருக்குமா என்று கேட்டேன். கம்பெனிக்காரர்கள் அவர் போனில் இருந்ததையும் சேர்த்துத்தான் எழுதினார்களாம். எல்லா இழையிலும் எல்லாமே இருக்குமாம், தேடி எடுப்பதுதான் நம் கையில் இல்லையாம். பெட்டி வீட்டுப் பரணில் இருக்கிறது, லோகநாயகி மூட்டை கட்டி வைத்துவிட்டார் என்றார்.

"எடுத்துட்டு வாங்க சார். என் கடையில வச்சுக் கேளுங்க."

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "பாசியில பொண்ணு மாறிட்டான்னு அவ ஒரு தடவை சொன்னா. நல்ல பொண்ணா பேசறாளாம். நான் கேட்டு, உங்கமேல எனக்குக் கோவமில்லப்பான்னு வந்துச்சுன்னு வச்சுக்கோ. அது இலக்கியாவா, பெட்டியா?" கண் தொட்டியை விட்டு நகரவில்லை. "திட்டுனா மட்டும்தான் பாபு நான் நம்புவேன்."

இப்போது வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, ஷிப்ட் முடிந்து வருகிறார். ஸ்டூலில் உட்காருகிறார். வந்ததும் ஒரே கேள்விதான் கேட்கிறார், வளந்திருக்கா என்று. இல்லை சார், அப்படியேதான் இருக்கிறது என்கிறேன். அவருக்கு அதில் ஒரு நிம்மதி. பெட்டியை இன்னும் கொண்டுவரவில்லை. என்றாவது ஒரு நாள் கொண்டுவருவார் என்றுதான் நினைக்கிறேன்.

வளர வைப்பதுதான் என் பிழைப்பு. செடிக்கு விளக்கு, உரம், காற்று என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். அந்த ஒரு தொட்டிக்கு மட்டும் உரம் இல்லை. விளக்கை எட்டு மணி நேரத்திலிருந்து ஐந்தாக்கினேன், ஐந்தை நாலாக்கினேன். பாசி சாகாது, வேகமாக வளரவும் வளராது. எவ்வளவு மெதுவாக வளர்கிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் அவள் மாறுவாள். அவர் பெட்டியைக் கொண்டுவருகிற வரைக்கும் அந்தப் பெண் கொஞ்சம் கோபமாகவே இருக்கட்டும்.